முதலில் விடுதலை, பிறகு கற்பனை

(திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய தியானத்துக்கு யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பத்துக் கற்பனைகள் இருக்கிற அதிகாரம். இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அது மனப்பாடம். நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒன்றிலிருந்து பத்து வரை தட்டாமல் சொல்லிவிடுவீர்கள். நான் உங்களிடம் கேட்பது வேறு. முதல் கற்பனையைக் கொடுப்பதற்கு முன்பு ஆண்டவர் ஒரு காரியத்தைச் சொல்லுகிறார். அது என்ன?

வேதத்தைத் திறந்து இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். அதில் செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. தாம் யார் என்பதையும், அந்த ஜனங்களுக்காகத் தாம் ஏற்கெனவே என்ன செய்து முடித்துவிட்டார் என்பதையும் சொல்லுகிறார். எகிப்தில் அடிமைகளாய்க் கிடந்தவர்களை வெளியே கொண்டுவந்த தேவன் தாமே என்கிறார். அதைச் சொன்ன பிறகுதான் கற்பனைகள் தொடங்குகின்றன.

இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 12ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் வாசல் நிலைகளில் பூசப்படுகிறது. 14இல் சமுத்திரம் பிளக்கிறது. 16இல் மன்னா பொழிகிறது. 17இல் கன்மலையிலிருந்து தண்ணீர் புறப்படுகிறது. நடுநடுவே அந்த ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள், மோசேயோடு வாதாடுகிறார்கள், எகிப்திலேயே இருந்திருக்கலாமே என்று ஏங்குகிறார்கள். அப்படியும் ஆண்டவர் அவர்களைச் சுமந்துகொண்டு போகிறார். மூன்றாம் மாதத்தில் சீனாய் மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பத்துக் கற்பனைகள் கொடுக்கப்படுகின்றன. "இந்தப் பத்தையும் ஒழுங்காகக் கைக்கொள்ளுங்கள், அதன் பிறகு பார்வோனிடமிருந்து விடுவிப்பதைப் பற்றி யோசிக்கலாம்" என்று சொல்லி ஆண்டவர் மோசேயை அனுப்பவில்லை. மீட்டார். அதன் பிறகு, மீட்கப்பட்டவர்கள் எப்படி வாழவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார்.

இந்த வரிசையை உங்கள் மனதில் பதிய வைத்துவிட்டால் போதும், நான் வந்த வேலை முடிந்தது. கிருபை முதலில் வருகிறது, அதை விசுவாசம் கைநீட்டி வாங்கிக்கொள்ளுகிறது, கீழ்ப்படிதல் அதிலிருந்து பிறக்கிறது. இந்த வரிசை புரண்டுவிட்டால், அதே வேதம், அதே ஜெபம், அதே ஆலயம், எல்லாமே பிள்ளைகளின் தோளில் பாரமாகிவிடும்.

பிள்ளைகளின் காதில் விழுவது

நம் வீடுகளில் இந்த வரிசை எப்படிப் போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள். சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். "பொய் சொன்னா இயேசப்பா கண்ணைக் குத்துவார்." கொஞ்சம் வளர்ந்ததும், "காலையில வேதம் வாசிச்சியா? ஜெபம் பண்ணியா? அந்தப் பாட்டை ஏன் கேக்குற? போனைக் கீழே வை. உன்னாலே நம்ம குடும்பத்துச் சாட்சி கெட்டுப்போகும்." இவற்றில் நல்ல புத்திமதிகளும் உண்டு. ஆனால் ஒரு பிள்ளை தன் பதினைந்து வயது வரைக்கும் இதை மட்டுமே கேட்டு வளர்ந்தால் தனக்குள்ளே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் ஒழுங்காக இருந்தால் ஆண்டவர் என் பக்கம். தவறினால் என்னை விட்டுவிடுவார். இதுதான் அந்தக் கணக்கு.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "ஐயா, மேத்ஸ் பரீட்சை அன்னைக்கு லேட்டாயிடுச்சு, ஜெபம் பண்ணாமலே கிளம்பிட்டேன். அதனாலதான் மார்க் போயிடுமா?" அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவன் மனதில் இருந்த தேவன், ஐந்து நிமிட ஜெபம் குறைந்ததற்குப் பத்து மார்க்கைக் கழிக்கிற தேவன். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு தேவனைக் காட்டியது யார்? நாம்தான். நம் சபைதான்.

இந்தக் கணக்கோடு வாழுகிற பிள்ளைகள் எங்கே போய்ச் சேருகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். இயல்பிலேயே அடக்கமான, மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்குகிற பிள்ளை, மற்றவர்களைக் கீழாகப் பார்க்கத் தொடங்குகிறது. லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயன் ஆலயத்தில் நின்று, பக்கத்தில் நின்ற ஆயக்காரனைக் காட்டித் தன்னை உயர்த்திக்கொண்டானே, அந்த ஜெபம் பதினாறு வயதிலேயே பழகிவிடும். இன்னொரு பிள்ளை சோர்ந்துபோகிறது. மே மாத வாலிபர் முகாமில் கடைசி இரவு ஒப்புக்கொடுத்தல் ஜெபம் நடக்கும். கண்ணீரோடு கையை உயர்த்தும். ஊருக்கு வந்து இரண்டு வாரத்தில் பழைய பழக்கம் திரும்பிவிடும். அடுத்த மே மாதம் மறுபடியும் கை உயர்த்தும். சில வருஷத்தில், "இதெல்லாம் எனக்கு ஒத்துவராது" என்று முகாமுக்கு வருவதையே நிறுத்திவிடும். மூன்றாவது பிள்ளையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அது ஆலயத்துக்கு ஒரு முகமும் கல்லூரிக்கு ஒரு முகமும் வைத்துக்கொள்ளும். பாடகர் குழுவில் இருக்கும், தன் உண்மையான போராட்டத்தை ஒருவரிடமும் சொல்லாது. பெருமை, சோர்வு, வேஷம் என்று மூன்று விதமாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். தேவனுடைய அன்பைச் சம்பாதிக்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தியோகியாவின் சாப்பாட்டுப் பந்தி

இது இன்றைக்குப் பிறந்த சிக்கல் இல்லை. முதல் நூற்றாண்டிலேயே, அப்போஸ்தலர் நடுவிலேயே எழுந்தது. கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். அந்தியோகியா சபையில் யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேதுருவும் அவர்களோடு சாப்பிட்டார். எருசலேமில் இருந்த யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, பேதுரு மெல்ல எழுந்து தனியே போய்விட்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாகூட இழுபட்டுப்போனார். பவுல் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எல்லோருக்கும் முன்பாகப் பேதுருவை முகமுகமாய்க் கண்டித்தார்.

ஒரு பந்தியில் இடம் மாறி உட்கார்ந்ததற்கு இவ்வளவு கோபம் எதற்கு? பேதுரு எழுந்துபோனபோது அந்தப் புறஜாதி விசுவாசிகளுக்கு ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது. கிறிஸ்துவை விசுவாசித்தது மட்டும் போதாது, விருத்தசேதனமும் எங்கள் சாப்பாட்டு முறையும் சேர்ந்தால்தான் நீங்கள் முழுமையான பிள்ளைகள் என்ற செய்தி. வாயால் ஒரு வார்த்தையும் சொல்லாமல், எழுந்த விதத்திலேயே அதைச் சொல்லிவிட்டார். கிறிஸ்துவோடு எதையாவது ஒன்றைக் கூட்டினால், நாளடைவில் அந்த ஒன்றுதான் மிஞ்சும், கிறிஸ்து ஓரத்துக்குப் போய்விடுவார் என்று பவுலுக்குத் தெரியும். அவரே ஒரு காலத்தில் பிரமாணத்தைக் கைக்கொள்வதில் எல்லோரையும் மிஞ்சியவர். பிலிப்பியர் 3இல் தன் பிறப்பு, கோத்திரம், வைராக்கியம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, கிறிஸ்துவுக்கு முன்னால் அத்தனையும் குப்பை என்று தள்ளிவிடுகிறார்.

இந்தப் பந்தி விவகாரம் தமிழ்ச் சபைக்குப் புதிது இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காருகிற வழக்கம் நம் பழைய சபைகளில் இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் திரளான பேர் அதை ஏற்க மாட்டோம் என்று விலகிப்போனார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்கள் இல்லை, வேதம் வாசிக்காதவர்கள் இல்லை. ஆனாலும் கிருபை தங்கள் பிறப்பின் பெருமையைத் தொடுவதற்கு அவர்கள் விடவில்லை. இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் பிரிவினை இருக்கிறது. பூ வைக்கலாமா, நகை போடலாமா என்று பிள்ளைகளிடம் மணிக்கணக்கில் பேசுகிற நாம், இதைப் பற்றி அவர்களிடம் ஒரு வகுப்பாவது எடுத்திருக்கிறோமா? கிருபையால் இரட்சிக்கப்பட்டேன் என்கிறவன் இன்னொரு மனிதனைப் பார்த்து, "நீ எனக்குக் கீழே" என்று சொல்லவே முடியாது. இரண்டு பேரும் வெறுங்கையோடு வந்து வாங்கினவர்கள்தானே.

ஒழுங்கில் குறைவில்லாத ஒரு வாலிபன்

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்காக ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லுகிறேன். ஜான் வெஸ்லி 1703இல் இங்கிலாந்தில் ஒரு போதகர் வீட்டில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் இருந்தபோது அவரும் அவர் தம்பி சார்லஸும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு சிறு கூட்டமாய் வாழ்ந்தார்கள். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் உபவாசம். சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளைச் சந்திப்பார்கள். ஏழைகளுக்கு உதவுவார்கள். ஒவ்வொரு மணி நேரத்தையும் எப்படிச் செலவிட்டோம் என்று நாட்குறிப்பில் எழுதி, தங்களைத் தாங்களே சோதித்துப்பார்ப்பார்கள். மற்ற மாணவர்கள் கேலியாக அவர்களுக்குப் பட்டப்பெயர்கள் வைத்தார்கள். மெதடிஸ்டு என்ற பெயர் அப்படி வந்ததுதான். இவ்வளவு ஒழுங்கான வாலிபர்களை எந்தச் சபையில் பார்க்க முடியும்?

ஆனால் வெஸ்லியின் உள்ளத்தில் சமாதானம் இல்லை. 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகக் கப்பலேறினார். வழியில் பயங்கரமான புயல். கடல் கப்பலின் மேல் புரண்டது, பாய் கிழிந்தது, தண்ணீர் தளத்துக்குள் பாய்ந்தது. இங்கிலாந்துக்காரர்கள் அலறினார்கள். அதே கப்பலில் மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பங்களும் இருந்தன. அவர்கள் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள், பாட்டை நிறுத்தவில்லை. புயல் அடங்கியதும் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் குழந்தைகளும்கூடப் பயப்படவில்லையா என்று கேட்டார். அவர்களுக்கும் மரணபயம் இல்லை என்று பதில் வந்தது. மற்றவர்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போய்க்கொண்டிருந்தவருக்கு, தன்னிடம் இல்லாத ஏதோ ஒன்று இந்த எளிய ஜனங்களிடம் இருக்கிறதென்று அன்றைக்குத் தெரிந்தது.

ஜார்ஜியா ஊழியம் தோல்வியில் முடிந்து ஊர் திரும்பினார். 1738ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி சாயங்காலம், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்துக்கு மனமில்லாமல் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். லூத்தரும் இதே வழியில் தவித்தவர்தான். எர்ஃபர்ட் மடத்தில் துறவியாக இருந்தபோது, விட்டுப்போன பாவம் எதுவும் இருக்கக்கூடாதென்று மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்தவர். விசுவாசத்தினால் தேவன் இருதயத்தில் செய்கிற மாற்றத்தைப் பற்றிய பகுதி வாசிக்கப்பட்டபோது, வெஸ்லியின் உள்ளத்தில் ஒரு அனல் பரவியது. கிறிஸ்து தன்னுடைய பாவங்களை, தன்னுடைய பாவங்களையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது.

அதன் பிறகு வெஸ்லி சிறைச்சாலைக்குப் போவதை விட்டுவிட்டாரா? ஜெபத்தைக் குறைத்துக்கொண்டாரா? இன்னும் அதிகமாய் ஓடினார். குதிரைமேல் ஏறி ஊர் ஊராய்ப் போய், சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். 87 வயதில், 1791 பிப்ரவரியில், சாகிறதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்ஸுக்குத் திடப்படுத்திக் கடிதம் எழுதினார். ஆக்ஸ்போர்டில் தேவனுடைய அங்கீகாரத்தைத் தேடி உழைத்தார். ஆல்டர்ஸ்கேட்டுக்குப் பிறகு அந்த அங்கீகாரத்தைப் பெற்றுக்கொண்டவராய் உழைத்தார். கிரியை நிற்கவில்லை, அதன் வேர்தான் மாறிவிட்டது.

இந்த வித்தியாசம் விளங்க, உங்கள் வீட்டுக் குடும்ப அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்கிறது. எந்த வகுப்பில் எத்தனை மார்க் எடுத்தீர்கள் என்று பார்த்துவிட்டா அந்தப் பெயரைச் சேர்த்தார்கள்? அந்த வீட்டுப் பிள்ளை என்பதால் சேர்த்தார்கள். அப்பாவோடு சண்டை போட்ட மறுநாள் போய்ப் பார்த்தாலும் பெயர் அங்கேதான் இருக்கும். அதற்காக வீட்டில் ஒழுங்கே இல்லையா? உண்டு. ராத்திரி சொல்லாமல் வெளியே போனால் கேள்வி உண்டு, கண்டிப்பு உண்டு. ஆனால் பிள்ளை என்பதற்காகக் கண்டிக்கிறார்களே தவிர, பிள்ளையாக இருக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்வதற்காகக் கண்டிப்பதில்லை.

லூக்கா 15இல் வருகிற மூத்த மகன் இதைத்தான் மறந்துபோனான். தம்பி தூர தேசத்துக்குப் போய்க் கெட்டான். அண்ணன் வீட்டை விட்டு ஒரு நாளும் போகவில்லை. ஆனால் அவன் அப்பாவிடம் பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். இத்தனை வருஷம் வேலை செய்தேன், ஒரு கட்டளையையும் மீறவில்லை, எனக்கு என்ன கொடுத்தீர் என்று கேட்கிறான். பிள்ளை பேசுகிற பேச்சா அது? கூலி கேட்கிறவன் பேச்சு. வீட்டுக்குள்ளேயே வேலைக்காரனாக வாழ்ந்திருக்கிறான். தகப்பனோ, இளையவனை எதிர்கொள்ள ஓடினது போலவே, இவனை அழைக்கவும் விருந்தை விட்டு வெளியே வருகிறார். நம் சபைகளில் தம்பியைவிட அண்ணன்மார்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களுக்கும் கிருபை தேவை. அவர்களுக்காகவும் தகப்பன் வெளியே வந்து நிற்கிறார்.

கெட்டுப்போய்விட மாட்டார்களா?

இப்போது பெற்றோர்களே, உங்கள் மனதில் ஓடுகிற கேள்வி எனக்குத் தெரியும். "ஐயா, இப்படிக் கிருபை கிருபை என்று பிள்ளைகளிடம் சொன்னால், மன்னிப்பு கிடைக்கும் என்று துணிந்து கெட்டுப்போய்விட மாட்டார்களா?" நியாயமான கேள்வி. பவுலிடமே கேட்டார்கள். ரோமர் 6ஆம் அதிகாரம் அந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது. கூடவே கூடாது என்று அடித்துச் சொல்லுகிறார். பாவத்துக்கு மரித்தவன் அதற்குள் எப்படிப் பிழைப்பான் என்று திருப்பிக் கேட்கிறார். தீத்துவுக்கு எழுதும்போது இன்னும் தெளிவாக, அவபக்தியை வெறுத்து ஒழுக்கமாய் வாழ நமக்குக் கற்றுக்கொடுக்கிறதே அந்தக் கிருபைதான் என்கிறார். நாம் பயப்படுகிற காரியத்துக்கு ஆண்டவர் வைத்திருக்கிற மருந்தே கிருபைதான்.

சகேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். எரிகோவில் எல்லோரும் அவனைப் பாவி என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். மரத்தின் மேல் இருந்தவனைப் பார்த்து ஆண்டவர், அநியாயமாய் வாங்கினதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வா, அதன் பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. இன்றைக்கே உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். அவர் அந்த வீட்டுக்குள் போன பிறகு, ஒருவரும் கேட்காமலே சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். ஊர் முழுதும் திட்டியும் அவனைவிட்டு வராத பணம், ஆண்டவர் ஒரு வேளை அவன் வீட்டில் உட்கார்ந்ததும் தானாக வந்தது.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1931இன் கடைசியில், 25 வயதில், பெர்லினில் சீயோன் ஆலயத்தின் திடப்படுத்தல் வகுப்பு அவர் கையில் வந்தது. வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள். முந்தைய போதகரால் அவர்களைச் சமாளிக்க முடியவில்லை. இவர் முதல் நாள் படியேறிப் போனபோது மேலிருந்து சாமான்களைத் தூக்கிப் போட்டார்கள், அவர் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். அவர் சுவரில் சாய்ந்து பேசாமல் நின்றார். பிறகு முன்னால் இருந்த சிலருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாக ஒரு கதையைத் தொடங்கினார். பின்னால் இருந்தவர்கள் கேட்பதற்காக அமைதியானார்கள்.

அதோடு விடவில்லை. அந்தப் பையன்கள் குடியிருந்த பகுதியிலேயே ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக் குடிபோனார். சாயங்காலம் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று கதவைத் திறந்துவைத்தார். திடப்படுத்தலுக்குப் போட நல்ல உடை பலருக்கு இல்லை என்று தெரிந்ததும், துணி வாங்கி எல்லோருக்கும் பகிர்ந்துகொடுத்தார். முதலில் திருந்து, பிறகு உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. அவர்கள் நடுவிலே போய் இருந்தார், அவர்களும் மாறினார்கள்.

அதே போன்ஹோஃபர்தான் 1937இல் சீஷத்துவத்தைப் பற்றி எழுதிய நூலில், மலிவான கிருபை சபையின் மரண விரோதி என்று எச்சரித்தார். மனந்திரும்பாமலே மன்னிப்பு, சிலுவையைச் சுமக்காமலே கிறிஸ்தவம் என்றால் அது கிருபையின் போலி. கிருபை நமக்கு இலவசம். தேவனுக்கோ அது தம்முடைய குமாரனின் ஜீவன். அந்த விலையை உணர்ந்தவன் அதை வைத்து விளையாட மாட்டான். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து நின்றதற்காக 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் போன்ஹோஃபர் தூக்கிலிடப்பட்டார். கிருபையை முழுமனதோடு நம்பினவர் எவ்வளவு தூரம் கீழ்ப்படியத் துணிவார் என்பதற்கு அவர் சாட்சி.

எது கற்பனை, எது வழக்கம்?

பிள்ளைகளே, விதிமுறைகளைப் பற்றி உங்களுக்கு வருகிற குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழி சொல்லுகிறேன். உங்களிடம் சொல்லப்படுகிற ஒவ்வொரு விதியையும் மூன்று வகையில் எதைச் சேர்ந்தது என்று கேட்டுப் பழகுங்கள்.

முதல் வகை, தேவனுடைய கற்பனை. களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, பெற்றோரைக் கனம்பண்ணு, உன்னைப்போல் பிறனை நேசி. இவை காலத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறாதவை. பரீட்சையில் காப்பி அடிப்பதும், கூடப் படிக்கிற பெண்ணின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கேலி செய்வதும் இதில்தான் அடங்கும். இதில் தவறினால் மனந்திரும்ப வேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் மன்னிப்பும் கேட்கவேண்டும்.

இரண்டாவது, வீட்டு ஒழுங்கு. எத்தனை மணிக்கு வீடு திரும்பவேண்டும், எவ்வளவு நேரம் போன் பார்க்கலாம் என்பது. வீட்டுக்கு வீடு இது மாறும். உங்கள் மேல் அக்கறை உள்ளவர்கள் வைத்தது என்பதால் கீழ்ப்படியுங்கள். கஷ்டமாக இருந்தால் மரியாதையோடு பேசிப்பாருங்கள்.

மூன்றாவது, சபை வழக்கம். ஆலயத்துக்கு என்ன உடுத்துவது, பூ வைக்கலாமா, நகை போடலாமா, எழுந்து நின்று ஜெபிப்பதா முழங்காலில் நின்றா என்பது. ரோமர் 14இல் சாப்பாட்டையும் நாட்களையும் குறித்துப் பவுல் இதைத்தான் பேசுகிறார். ஒருவரை ஒருவர் இடறப்பண்ணாதபடி அன்பாக நடந்துகொள்ளவேண்டும், அதே சமயம் ஒருவரை ஒருவர் நியாயந்தீர்க்கவும் கூடாது. மூன்றாவது வகையை முதல் வகையின் இடத்தில் தூக்கிவைப்பதைத்தான் ஆண்டவர் மாற்கு 7இல் கண்டித்தார்.

இந்த மூன்றில் எதைக் கைக்கொண்டாலும் அதனால் நீங்கள் இரட்சிப்பை வாங்குவதில்லை. முதல் வகையைக்கூட, மீட்கப்பட்டவர்களாய், ஆவியானவரின் பெலத்தோடுதான் கைக்கொள்ளுகிறீர்கள்.

வீட்டில் நடக்கவேண்டியது

பெற்றோர்களுக்கு இரண்டு காரியங்கள் சொல்லி முடிக்கிறேன். பிள்ளை ஒரு தப்பை ஒப்புக்கொண்டு உங்களிடம் வந்தால், உங்கள் வாயிலிருந்து வருகிற முதல் வாக்கியத்தைக் குறித்துக் கவனமாயிருங்கள். "நீயெல்லாம் திடப்படுத்தல் எடுத்தவனா?" என்று தொடங்கினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை உங்களிடம் வராது. ஆண்டவரிடமும் போகாது. "என்கிட்ட வந்து சொன்னியே, அதுக்கு நன்றிப்பா. உக்காரு, பேசலாம்" என்று தொடங்குங்கள். தண்டனை தேவையென்றால் பிறகு கொடுக்கலாம். நஷ்டத்தைச் சரிசெய்ய வைக்கலாம். ஆனால் உறவு அறுந்துபோகவில்லை என்பது முதலில் பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

இரண்டாவது, நீங்கள் மன்னிப்புப் பெற்ற கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாம் எப்போதும் சரியாகவே வாழ்ந்தவர்கள் போலப் பிள்ளைகள் முன்னால் நின்றால், கிருபை நமக்குத் தேவைப்பட்டதாகவே அவர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் கோபத்தில் அநியாயமாகப் பேசிவிட்டால், அன்றைக்கே உட்கார வைத்து மன்னிப்புக் கேளுங்கள். அம்மா, அப்பாவே ஆண்டவரிடம் மன்னிப்பு வாங்கி வாழுகிறவர்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிற பிள்ளைக்கு, ரோமர் நிருபத்தில் பாதி விளங்கிவிடும். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, நீங்களும் ஒரு கற்பனையைக் கற்றுக்கொடுக்கும்போதெல்லாம் அதற்கு முன்னே நடந்த மீட்பின் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். பத்துக் கற்பனைகளை மனப்பாடம் செய்யச் சொன்னால், இரண்டாம் வசனத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

தம்பி தங்கைகளே, வருகிற ஞாயிறு பேராயர் உங்கள் தலைமேல் கைவைத்து ஜெபிப்பார். அதை வகுப்பில் தேறினதற்கான சான்றிதழ் என்று நினைத்துவிடாதீர்கள். கிறிஸ்து உங்களுக்காகச் செய்து முடித்ததை நீங்களே உங்கள் வாயால் ஏற்றுக்கொள்ளுகிற நாள் அது. அன்றைக்கே முதல்முறையாகத் திருவிருந்துக்கும் வருவீர்கள். அதற்குள் ஏதாவது ஒன்றில் தவறிவிட்டால், "நான் தகுதியில்லாதவன், இந்த ஞாயிறு வேண்டாம்" என்று பின்னால் போய் உட்காராதீர்கள். பாவத்தை மறைக்காமல் ஆண்டவரிடம் அறிக்கையிடுங்கள். யாரையாவது காயப்படுத்தியிருந்தால் போய்ச் சமாதானமாகுங்கள். பிறகு எழுந்து வந்து கைநீட்டி வாங்குங்கள். அந்த மேசை மன்னிப்புத் தேவைப்படுகிறவர்களுக்காகப் போடப்பட்டது.

ஜெபிப்போம். எங்கள் பரம தகப்பனே, நாங்கள் ஒன்றும் செய்யாதிருந்தபோதே எங்களை நேசித்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். இந்தப் பிள்ளைகள் உம்முடைய பிள்ளைகள் என்ற நிச்சயத்தை அவர்களுக்குத் தாரும். பெருமையிலிருந்தும் சோர்விலிருந்தும் வேஷத்திலிருந்தும் அவர்களை விடுவியும். பயத்தினால் அல்லாமல் அன்பினால் உமக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடும். பெற்றோராகிய எங்கள் வாயிலும் நடத்தையிலும் உமது கிருபையை அவர்கள் காணும்படி செய்யும். எங்கள் இரட்சகராகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய்க் கேட்கிறோம். ஆமென்.